காற்று நிற்காத வண்டி

பாலையா கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்த்தான். விரல் உள்ளே போயிற்று. அடுத்த டயரை அமுக்கினான். அதுவும் உள்ளே போயிற்று. நாலு டயரும் சாயாவில் முக்கிய பன்னைப் போல மெத்துமெத்தென்று இருந்தன.

"சந்தனமாரீ! இங்க வா. புது வண்டின்னு சொல்லி நம்ம தலையில கட்டிட்டானுவ பாரு."

அவன் மனைவி ஈரக் கையோடு வந்து, அவளும் ஒரு விரலை வைத்து அமுக்கினாள். "நேத்துதான வந்து இறங்குச்சு? அதுக்குள்ள நாலும் ஒண்ணாவா பஞ்சர் ஆகும்?"

"அதான் நானும் கேக்கேன். எவனோ காத்தப் புடுங்கியிருக்கான். எனக்கு வேண்டாதவன்."

பாலையாவுக்கு வேண்டாதவன் என்று மட்டாஞ்சேரியில் அதுவரை யாரும் இல்லை. அந்த அளவுக்கு அவனை யாரும் மதித்ததில்லை என்பதுதான் காரணம். பதினாலு வருஷமாகக் குப்பை லாரியில் கிளீனர். டிரைவிங் லைசென்ஸ் எடுத்தே பதினோரு வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் ஸ்டியரிங்கைத் துடைத்திருக்கிறானே தவிர ஒரு தடவைகூடத் திருப்பியதில்லை. லாரிக்குப் பின்னால் நின்று "வரட்டும், வரட்டும், ரைட்" என்று கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போன மனிதன். மாமனார் வீட்டில் அவனுக்கு 'வரட்டும் மாப்பிள்ளை' என்றுதான் பெயர்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், ஃபோர்ட் கொச்சி கடற்கரையில் குப்பை வாரும் காண்ட்ராக்ட்டை எடுத்த அவனுடைய கம்பெனி, மணலில் ஓடும் நாலு சக்கர பைக் ஒன்றை வாங்கியது. மோட்டார் சைக்கிளுக்கு இருப்பதுபோல் ஹேண்டில் பார், இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்காரும் சீட், கீழே பூசணிக்காய்ப் பருமனில் நாலு டயர். பின்னால் ஒரு குப்பை வாரியைக் கட்டி இழுத்தால் பத்து ஆள் வேலையை ஒரு ஆள் பார்க்கலாம். அந்த ஒரு ஆள் யார் என்பதுதான் கேள்வி.

சூப்பர்வைசர் ரதீஷ் ஞாயிற்றுக்கிழமை வண்டியை பாலையாவின் வீட்டு வாசலில் இறக்கும்போதே சொல்லிவிட்டார். "சனிக்கிழமை வண்டிக் கம்பெனி ஆளு வரும் கேட்டோ. அவர் முன்னால நல்லா ஓட்டிக் காட்டி சர்டிஃபிகேட் வாங்கினா பாலையா டிரைவர். இல்லெங்கில் ஜிதின்."

ஜிதின் என்பவன் அதே லாரியில் இன்னொரு கிளீனர். சர்வீஸ் வெறும் நாலு வருஷம். அவனிடம் தோற்றால் பாலையா மாமனார் வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியாது.

ரதீஷ் மூன்று கட்டளைகளும் போட்டார். வண்டியை ரோட்டில் ஓட்டக் கூடாது, மினி லாரியில் ஏற்றித்தான் கடற்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒருவருக்கு மேல் ஏறக் கூடாது. கடற்கரையிலிருந்து வந்ததும் உப்பு போக நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். மற்ற விவரமெல்லாம் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருந்தது. புத்தகம் ஆபீஸ் பீரோவில் இருந்தது. பீரோ சாவியை வைத்திருந்த பிந்து பிரசவ லீவில் இருந்தாள்.

வண்டியின் மட்கார்டில் மஞ்சள் தாள் ஒன்றும் ஒட்டியிருந்தது. அதில் ஏதோ படமும் நம்பரும் போட்டிருந்தார்கள். புது வண்டிக்குப் பூஜை போடாமல் இருக்க முடியுமா? சந்தனம் வைக்க அதைவிட வாகான இடம் இல்லை. சந்தனமாரி அள்ளி அப்பி, மேலே குங்குமமும் வைத்துவிட்டாள். அதோடு அந்தத் தாள் சொல்ல வந்தது முடிந்தது.

சந்து முனையில் யூசுபின் டயர் கடை. பாலையா வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

"யூசுபே, இதுக்கு எத்தனை பாயிண்ட் அடிக்கணும்?"

யூசுப் வண்டியைச் சுற்றி வந்தான். "லாரிக்கு தொண்ணூறு. காருக்கு முப்பது. ஸ்கூட்டருக்கு இருபத்தஞ்சு. இது எதுலயும் சேராதே பாலையாண்ணா." தலையைச் சொறிந்தான். "நாலு வீல் இருக்கில்லே? காருன்னு வச்சுக்கலாம்."

முப்பது ஏறியது. டயர்கள் விம்மிக்கொண்டு எழுந்தன. பாலையா ஒரு இரும்புக் கம்பியை எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டிக் காது கொடுத்தான். லாரி கிளீனர்கள் விடியற்காலையில் செய்யும் முதல் வேலை அதுதான். கம்பி துள்ளித் திரும்பினால் டயர் நல்ல டயர். பொத்தென்று அமுங்கினால் டிரைவரிடம் ஏச்சு. பதினாலு வருஷம் அந்த ஏச்சைக் கேட்டவன், சப்பையான டயரைத் தன் வாசலில் ஒரு நிமிஷமும் விட்டுவைக்க மாட்டான்.

"கேட்டியா சத்தத்தை? தவில் கணக்கா இருக்கு," என்றான் பெருமையாக.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு முதல் ஓட்டம். மினி லாரியிலிருந்து பலகை போட்டு வண்டியை இறக்க ஜிதினும் கூட வந்திருந்தான். பாலையா குலசாமியை நினைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து ஆக்சிலேட்டரை அமுக்கினான்.

வண்டி ஓடவில்லை, துள்ளியது. மணலில் ஒரு சின்ன மேடு வந்தால் ஒரு முழம் எழும்பியது. எழும்பி விழுந்த வேகத்தில் மறுபடி இரண்டு முழம் எழும்பியது. மூன்றாவது துள்ளலில் பாலையாவும் சீட்டும் பிரிந்தார்கள். கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள், வலையைப் போட்டுவிட்டு வந்து அவனைத் தூக்கி நிறுத்தினார்கள்.

"சேட்டா, எந்து பற்றி? என்ன ஆச்சு?" ஜிதின் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டான். "இது வண்டியோ, தவளையோ?"

மத்தியானத்துக்குள் சந்து முழுக்க அதற்குத் தவளை என்றே பெயராகிவிட்டது.

வீங்கிய முழங்கையோடு பாலையா இரண்டு மணிக்கு வண்டியைக் கழுவ உட்கார்ந்தான். இங்கேதான் அடுத்த வம்பு. அந்தச் சந்தில் நாற்பது வீட்டுக்கு ஒரே பொதுக் குழாய். அதிலும் மத்தியானம் இரண்டிலிருந்து மூன்று வரைதான் தண்ணீர் வரும். குழாயடியின் சர்வாதிகாரி எதிர்வீட்டு மூக்கம்மாள். யார் குடம் முன்னால், யார் குடம் பின்னால் என்பதெல்லாம் அவள் தீர்ப்பு. பாலையா ஆறாவது குடத்தை வண்டியின் மேல் கவிழ்த்தபோது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"எலே பாலையா! மனுசன் குடிக்கத் தண்ணி இல்லாம கெடக்கான். நீ மிசினைக் குளிப்பாட்டுதியோ?"

"உப்புக் காத்துக்கா. கழுவலைன்னா துருப்புடிச்சிரும்."

"எனக்கும் அறுபது வருசமா இதே உப்புக் காத்துதாம்ல. நான் என்ன துருப்புடிச்சா போயிட்டேன்?"

குழாயடியே சிரித்தது. பாலையா கழுவி முடித்துவிட்டுப் போய்ப் படுத்தான். ஐந்து மணிக்கு எழுந்து வந்து டயரை அமுக்கினான்.

விரல் உள்ளே போயிற்று.

"நான் சொன்னேன்ல? சொன்னேன்ல?" என்று குதித்தான். "எவனோ திட்டம் போட்டு வேலை செய்யுதான்!"

"அய்யோ, எந்தப் பாவி செஞ்சான்?" என்று முதல் ஆளாக மாரில் அடித்துக்கொண்டது மூக்கம்மாள்தான். "அவன் கை வெளங்குமா?"

யூசுப் மறுபடி முப்பது அடித்தான். வால்வில் எச்சிலைத் தொட்டு வைத்துப் பார்த்தான். குமிழி வரவில்லை. "பஞ்சர் இல்ல பாலையாண்ணா. இது மனுசன் செய்யற காரியம்."

பாலையாவுக்கு இரண்டு கவலை இப்போது. ஒன்று துள்ளல், இன்னொன்று காற்று. முதலில் துள்ளலுக்கு வழி கண்டுபிடித்தான். லோடு இல்லாத லாரிதான் தூக்கிப் போடும், லோடு ஏற்றினால் அடங்கிப் போகும் என்பது எந்தக் கிளீனருக்கும் தெரிந்த விஷயம். புதன்கிழமை காலை வண்டியின் பின் கேரியரில் ஒரு மூட்டை மணலைக் கட்டினான்.

பின்பக்கம் அடங்கியது. முன்பக்கம் கிளம்பிவிட்டது. ஈர மணல் சரிவில் ஏறும்போது முன் சக்கரங்கள் இரண்டும் ஆகாயத்தைப் பார்க்க, பாலையா மணல் மூட்டைக்கு மேலே வழுக்கிக்கொண்டு தரைக்கு வந்து சேர்ந்தான். விழுந்தது உட்காரும் இடத்தில். அன்று முழுக்க நின்றுகொண்டே சாப்பிட்டான்.

"வேண்டாங்க இந்த டிரைவர் உத்தியோகம்," என்று சந்தனமாரி எண்ணெய் தேய்த்துக்கொண்டே அழுதாள். "எனக்குக் கிளீனர் பொண்டாட்டின்னு இருக்கதுல ஒரு கொறையும் இல்ல. நீங்க முழுசா வீடு வந்து சேந்தாப் போதும்."

"உனக்குக் கொறை இல்லட்டீ. எனக்கு இருக்கு. சாகறதுக்குள்ள ஒரு நாளாவது நான் ஓட்டணும், இன்னொருத்தன் எனக்குப் பின்னால நின்னு 'வரட்டும்' சொல்லணும்."

சொல்லும்போது அவன் குரல் உடைந்துவிட்டது. அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

சாயங்காலம் டயரை அமுக்கினான். காற்று இல்லை. யூசுப் முப்பது அடித்தான்.

இனி காவல் போட வேண்டியதுதான். நாள் பூராவும் குழாயடியிலேயே கிடப்பவள் யார்? மூக்கம்மாள். பாலையா அவளிடம் போய்ப் பணிவாகக் கேட்டான். "அக்கா, நான் தூங்குத நேரத்துல வண்டி மேல ஒரு கண்ணு வச்சுக்கிடுங்க. உங்களை மீறி ஒரு ஈ அண்டாது."

"நான் இருக்கேம்லே. நீ நிம்மதியாத் தூங்கு," என்றாள் மூக்கம்மாள். அவளை இவ்வளவு சாந்தமாக அந்தச் சந்தில் யாரும் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை, முன்பக்கம் கிளம்பாமல் இருக்க முன் கேரியரில் சந்தனமாரியின் அம்மிக்கல்லைக் கட்டினான். அவள் எவ்வளவோ தடுத்துப் பார்த்தாள். இப்போது முன்னால் அம்மி, பின்னால் மூட்டை, நடுவில் பாலையா. துள்ளல் பாதி குறைந்தது. ஆனால் ஹேண்டில் பாரைத் திருப்ப முடியவில்லை. வண்டி தனக்குப் பிடித்த திசையில் நேராகப் போயிற்று. அந்தத் திசையில் மரவள்ளிக் கிழங்கும் மீன்குழம்பும் விற்கும் ஒரு கப்பைக் கடை இருந்தது. கடைக்காரர் இரண்டு நிமிஷம் முன்னாலேயே வண்டியின் நோக்கத்தைப் புரிந்துகொண்டு ஓடிவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. ஒரு பானை மீன்குழம்பு மட்டும் போயிற்று.

மீன்குழம்பு பட்ட வண்டியைக் கழுவ அன்று ஒன்பது குடம் ஆனது. மூக்கம்மாள் ஒன்பதையும் எண்ணிக்கொண்டாள். சாயங்காலம் பார்த்தால் நாலு டயரும் முன்னைவிட மோசமாகச் சப்பிக் கிடந்தன.

"யக்கா, காவல் இருந்தீங்களே?"

"கண்ணைக் கூட சிமிட்டலைலே! ஒரு நிமிசம் சோத்துப் பானையை இறக்கப் போனேன். அதுக்குள்ள எவனோ பூந்துட்டான்."

யூசுப் முப்பது அடித்தான். சரி, வெளியாளை நம்பினால் இப்படித்தான் என்று பாலையா மறுநாள் மனைவியைக் காவல் வைப்பதாக முடிவு செய்தான். சந்தனமாரி மறுப்பே சொல்லாமல் தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலை அவன் செய்த காரியத்தைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வண்டி தன்னைத் தூக்கி எறியாமல் இருக்க, இடுப்பை சீட்டோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிக்கொண்டான். கட்டிவிட்டது ஜிதின். இந்த மாதிரி வண்டியில் போகிறவன் விழுந்தால் தனியாக விழ வேண்டும், வண்டியோடு சேர்ந்து விழவே கூடாது என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பாலையாவுக்கு அது, வண்டி பக்கவாட்டில் மெதுவாகச் சாய்ந்து அலையோரத்தில் படுத்த பிறகுதான் தெரிந்தது. ஒரு அலை வந்து முகத்தைக் கழுவிவிட்டுப் போயிற்று. நல்லவேளை, அடுத்த அலை வருவதற்குள் ஜிதின் கயிற்றை அறுத்துவிட்டான்.

ஜிதின் உதவி செய்தது பாலையாவுக்குச் சந்தேகத்தைத்தான் கூட்டியது. இவனுக்குத்தானே லாபம்? காற்றைப் பிடுங்குவது இவனாகத்தான் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து யோசித்தான், ஒரு மகா யோசனை உதித்தது. திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்துவிட்டால்? அவன் காவலில் காற்று போனால் பழி அவன் தலையில்தானே விழும்?

"ஜிதினே, இன்னைக்கு மத்தியானம் நீயும் வந்து என் வீட்டு வாசல்ல இரு. சந்தனமாரி உனக்கு சாயா போட்டுத் தருவா."

"அதுக்கென்ன சேட்டா, நான் நோக்கிக்கறேன்," என்றான் ஜிதின் உற்சாகமாக.

ஆக, வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த வண்டிக்கு மூன்று காவல். குழாயடியில் மூக்கம்மாள், வாசலில் ஜிதின், ஜன்னலில் சந்தனமாரி. ஒரு மந்திரிக்குக்கூட அவ்வளவு பாதுகாப்பு கிடைக்காது. பாலையா அந்த வாரத்திலேயே முதல்முறையாக நிம்மதியாகத் தூங்கினான்.

ஐந்து மணிக்கு எழுந்து வந்து அமுக்கினான். நாலு டயரும் பன்னாகிக் கிடந்தன.

அவன் கத்தவில்லை. கத்த அவனிடமும் காற்று இல்லை. வண்டியை யூசுப் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனான். ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்து சாயாக் கடைக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். "அறிஞ்ஞில்லே? நாளைக்கு ஹர்த்தால். யூசுப் நாலு மணிக்கே கடையை அடைச்சுட்டு மீன் வாங்கத் தோப்பும்படிக்குப் போயாச்சு. இனி நாளை கழிஞ்சுதான் தொறக்கும்."

கேரளத்தில் ஹர்த்தால் என்றால் ஹர்த்தால்தான். பஸ் இல்லை, கடை இல்லை, மினி லாரி இல்லை. ஆனால் வண்டிக் கம்பெனி ஆள் வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலிலேயே வந்து லாட்ஜில் தங்கிவிட்டார். ரதீஷ் சனிக்கிழமை விடிந்ததும் பக்கத்து வீட்டு ஃபோனுக்குக் கூப்பிட்டார். "கடலுக்கு ஹர்த்தால் இல்லல்லோ பாலையா. சார் நடந்து வரும். வண்டியும் எப்படியாவது வரணும்."

எப்படியாவது என்றால் தள்ளித்தான். இரண்டு கிலோமீட்டர். அம்மியையும் மூட்டையையும் இறக்கிப் போட்டுவிட்டு பாலையா ஹேண்டில் பாரைப் பிடித்தான். பின்னால் ஜிதின். ஒரு பக்கம் சந்தனமாரி. தண்ணீர் அக்கிரமத்தைச் சூப்பர்வைசரிடம் நேரில் சொல்லித் தீர்த்துக்கொள்ள முதல்நாளே முடிவு செய்திருந்த மூக்கம்மாளும் இன்னொரு பக்கம் கை கொடுத்தாள். சப்பை டயர் தார் ரோட்டில் நகருவேனா என்றது. தள்ளிய மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது. ஆனாலும், ஏன் இவ்வளவு கனக்கிறது என்று மூன்று பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

வழியில் கொடி பிடித்தவர்கள் நாலு பேர் மறித்தார்கள். "ஹர்த்தாலுக்கு வண்டி ஓட்டறீங்களோ?"

"ஓடலியே அண்ணாச்சி," என்றான் பாலையா அழாக்குறையாக. "பாருங்க, எங்க ஓடுது?"

அவர்கள் டயரைப் பார்த்தார்கள். பரிதாபப்பட்டு வழி விட்டார்கள்.

கடற்கரையில் ரதீஷோடு கம்பெனி ஆள் காத்திருந்தார். பெயர் செல்லதுரை, கோயம்புத்தூர்க்காரர். அதிர்ந்து பேசாத மனிதர். வேலையில்லாமல் வேடிக்கை பார்க்க யூசுபும் வந்து நின்றான். செல்லதுரை ஒரு ஹெல்மெட்டை பாலையாவின் தலையில் மாட்டி, வாரைத் தாமே இழுத்துக் கட்டினார். "பயப்படாதீங்க. அந்தக் கடைசிக் கட்டுமரம் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வாங்க."

காற்றில்லாத டயர், எடையில்லாத கேரியர். இன்றைக்குக் கதை முடிந்தது என்று பாலையா கண்ணை மூடிக்கொண்டு ஆக்சிலேட்டரை அமுக்கினான். துள்ளலுக்குக் காத்திருந்தான். வரவில்லை. ஒரு கண்ணைத் திறந்தான். வண்டி போய்க்கொண்டிருந்தது. மணல் மேடு வந்தது, டயர் அதை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டது. திருப்பினான், திரும்பியது. சரிவில் ஏற்றினான், முன்னால் குனிந்து கொடுத்ததும் சமர்த்தாக ஏறியது. பாலையா இரண்டு கண்ணையும் திறந்தான். ஹெல்மெட்டுக்குள்ளே அவன் அழுதது யாருக்கும் தெரியாது. பதினோரு வருஷ லைசென்ஸுக்கு அன்றுதான் உயிர் வந்தது. கட்டுமரம் வரை போனவன், ஆசை தீராமல் அதை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பினான்.

வண்டியைப் பின்னுக்கு எடுத்து நிறுத்தும்போது ஜிதின் தன்னையறியாமல் சொல்லிவிட்டான். "வரட்டும், வரட்டும்... ரைட்."

அந்த ஒரு வார்த்தைக்காக பாலையா அவனை மன்னித்தான்.

செல்லதுரை கைதட்டினார். பிறகு பையிலிருந்து காற்றை அளக்கும் சின்ன கேஜ் ஒன்றை எடுத்து ஒவ்வொரு டயரிலும் வைத்துப் பார்த்தார். "நாலு. நாலு. நாலேகால். நாலு." நிமிர்ந்தபோது அவர் முகத்தில் அப்படியொரு ஆச்சரியம்.

"இதைத்தானுங்க ஊர் ஊராப் போயிச் சொல்றேன். மணல்ல ஓடற வண்டிக்கு நாலு பாயிண்ட் காத்துதான். டயர் அமுங்குனாத்தான் மணலைப் புடிக்கும். ஏத்தி அடிச்சா ஆளைத் தூக்கி எறிஞ்சிரும், கழுத்து முறிஞ்சு போகும். போன மாசம் ஒரு ஊர்ல ஒரு புண்ணியவான் லாரிக்கு அடிக்கற மாதிரி அடிச்சு வச்சிருந்தான். அவனை இனிமே வண்டிக்குப் பத்தடி பக்கத்துல விடாதீங்கன்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் கெளம்பினேன்."

யூசுப் மெல்ல ரதீஷின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தான்.

"இங்க காத்தை இவ்வளவு கச்சிதமா நாலுல நிறுத்தி வச்சது யாருங்க?" என்று கேட்டார் செல்லதுரை. "கேஜ்கூட இல்லாம!"

"நாந்தான் சார்," என்றான் பாலையா. வாய் தானாகச் சொல்லிவிட்டது. "தெனம் பாத்துப் பாத்து..."

"கொள்ளாம் பாலையா!" ரதீஷ் அவன் தோளில் தட்டினார். "சார், எங்க கம்பெனி ஒண்ணு தீர்மானிச்சிருக்கு. வண்டியை நல்லா பாத்துக்கற ஆள்தான் டிரைவர். வண்டி கழுவறதுக்கு அந்த ஆளோட வீட்டு வாசல்ல கம்பெனி செலவுல தனிக் குழாய் ஒண்ணு போட்டுத் தரும்."

தனிக் குழாய் என்ற சொல் காதில் விழுந்ததும் மூக்கம்மாளுக்கு வந்த காரியம் மறந்துவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அய்யா, பொய் சொல்லுதான்! காத்தை இறக்கினது நான்! செவ்வாக்கெழமைல இருந்து கொண்டை ஊசியை வச்சு நாந்தான் இறக்குதேன். வண்டி போகலைன்னா மணல் ஒட்டாது, மணல் ஒட்டலைன்னா கழுவ மாட்டான்னுட்டு. புஸ்ஸுங்குத சத்தம் கொறஞ்சதும் கைய எடுத்துருவேன். குழாயை என் வீட்டு வாசல்ல போடுங்க!"

பாலையா நாலு டயரையும் திரும்பிப் பார்த்தான்.

"சாரே, ஒரு நிமிஷம்." ஜிதின் கையைத் தூக்கினான். "நேத்து இறக்கினது ஞான்தான். தீக்குச்சி வச்சு. சேட்டன் கேட்டாலும் பரவாயில்லை. டிரைவர் வேலைக்கு என் பேரை எழுதிக்கோங்க."

"நீங்க ரெண்டு பேரும் என்னத்தை இறக்கினீங்க?" இப்போது சந்தனமாரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். "நீங்க முன் டயரோட போயிருவீங்க. புதன்கெழமைல இருந்து பின் டயர் ரெண்டும் நானாக்கும்! பின்னூசியை வச்சுக் குத்திக் குத்தி என் விரலைப் பாருங்க. காத்து இல்லைன்னா இந்த மனுசன் ஏற மாட்டாரு, எலும்பாவது மிஞ்சும்னுதான் செஞ்சேன். குழாய் வந்தா எங்க வாசலுக்குத்தான் வரணும்!"

கடைசி வரியைச் சொல்லிவிட்டு அவள் புருஷனைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. பாலையாவுக்குக் கோபப்படுவதா, அவள் கையைப் பிடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஊரில் தனக்கு ஒரு வேண்டாதவன் இருக்கிறான் என்று தேடியவனுக்கு மூன்று பேர் கிடைத்திருந்தார்கள். அதில் ஒருத்தி அவன் கையால் தாலி கட்டிக்கொண்டவள்.

"சார், நான் ஓட்டினதைப் பாத்தீங்கள்ல? அது போதாதா?" என்று ஈனசுரத்தில் கேட்டான்.

செல்லதுரை பேனாவை எடுத்தார். சர்டிஃபிகேட் தாளைப் பையின் மேல் வைத்து, மூக்கம்மாள், ஜிதின், சந்தனமாரி என்று மூன்று பெயரையும் நிதானமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். "நீங்க மூணு பேரும் இல்லீன்னா இந்த மனுசன் இன்னைக்கு உசுரோட இல்லீங்க," என்றார். பேனாவை மூடப் போனவர், ஏதோ கணக்கு உதைத்ததுபோல் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நிமிர்ந்தார்.

"அது சரிங்க... மூணு பேரு சேந்து நாலு நாளா இறக்கியும், இறக்கறதுக்கு இன்னும் காத்து இருந்துட்டே இருந்திருக்குதே. தினமும் வந்து அதை ரொப்பிட்டுப் போன அந்தப் படுபாவி யாருங்க?"